இரும்புக் குழாயில் உன் கரண்டி

"டீச்சர், நீங்க குளிக்குத தண்ணி எங்க கொழம்புச் சட்டியில விழுது. இனி நா உப்பு போடவா, வேண்டாமா?"

நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். செம்பூரில் இந்தக் கட்டடத்தின் முதல் மாடிக்கு நாங்கள் குடிவந்த வாரம். உன் பெயர்கூட எனக்குத் தெரியாது. கையில் குழம்புக் கரண்டியோடு என் வாசலில் நின்றாய். கோபமா, கேலியா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். கேள்வி கேட்டே பிழைப்பு நடத்தியவள் நான். அன்று பதில் சொல்ல வேண்டியவள் ஆனேன்.

அந்தக் கேள்வி இன்று காலையிலிருந்து என்னை விடவில்லை. உன் சமையலறைச் சுவருக்குள் புகுந்து, என் குளியலறைச் சுவர் வழியாக ஏறி, மேல் மாடி சுந்தரம் சார் வீடு வரைக்கும் போன அந்தப் பழைய இரும்புக் குழாயை இன்று அறுத்து எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக என் வாசலில் கிடக்கிறது. வீடு முழுக்க ஈரத் துருவின் வாடை. ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்ததில் என் உள்ளங்கையும் அதே வாடை அடிக்கிறது. பிளம்பர் செல்வம் புதுக்குழாயைப் பொருத்தி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பசை இறுக வேண்டுமாம். நாளைக் காலைத் தண்ணீர் வரும்போதுதான் ஒழுகுமா, ஒழுகாதா என்று தெரியும். அதுவரை என்ன செய்வது? உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன். எழுந்தால் குளியலறைச் சுவரைப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். சரி, உனக்காவது எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று உன்னோடு கீழே வந்து பார்த்தேன். உன் அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஈர வட்டம். வகுப்பில் விளக்குவதுபோல் விளக்க ஆரம்பித்தேன். நாங்கள் குளிக்கும்போது சொட்டினால் அது கழிவுத் தண்ணீர், யாரும் குளிக்காதபோதும் காலைத் தண்ணீர் வரும் நேரத்தில் சொட்டினால் அது குடிதண்ணீர்க் குழாயில் இருக்கும் ஓட்டை, இரண்டு நாள் கவனித்துச் சொல் என்றேன். நீ பொறுமையாகக் கேட்டாய்.

"வெளக்கம் நல்லாத்தான் இருக்கு டீச்சரக்கா. கொழம்பு ரசமா போச்சே, அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

அன்றைக்கே நான் உனக்கு டீச்சரக்கா ஆகிவிட்டேன். நீ கவனித்துச் சொன்னாய். குடிதண்ணீர்க் குழாய்தான். ஒரு பிளம்பர் வந்து சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அது வேறு இடத்தில் ஒழுகியது. அங்கே ஒரு துண்டை மட்டும் மாற்றினோம். அதற்கு மேலே இருந்த மூட்டு ஒழுகியது. எங்கள் பள்ளியில் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக்கு ஒரு காலை மட்டும் புதிதாகப் போட்டபோது மற்ற மூன்றும் ஆடத் தொடங்கியதைப் போல. நீ உன் கூரைக் கொக்கியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாய். சொட்டு அதில் விழும். நிறைந்ததும் துளசித் தொட்டிக்கு ஊற்றச் சொல்லி எனக்கே கொடுத்தனுப்புவாய். "ஒங்க வீட்டுத் தண்ணி, நீங்களே வச்சுக்கோங்க."

நீ இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாய். துரு கலந்த தண்ணீரில் மாவு பிசைந்தால் வெள்ளை இடியாப்பம் செம்மண் நிறத்தில் வரும். அதனால் முதலில் வரும் தண்ணீரை நீ எப்போதும் வெளியே விட்டுவிடுவாய். பின்னால் வருவது தெளிந்ததும் பிடிப்பாய். குழாய்க்குள் துரு அடைத்து அடைத்து வழி குறுகிவிட்டிருந்தது. கீழே நீ திறந்திருந்தால் எனக்கு ஏறாது. நான் திறந்திருந்தால் சுந்தரம் சாருக்கு ஏறாது. அதற்கு நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். நீ பிடித்து முடித்துக் குழாயை மூடியதும் கரண்டிக் காம்பால் இரும்பில் இரண்டு தட்டு. அந்தச் சத்தம் சுவருக்குள் ஏறி என் குளியலறையில் மணி போலக் கேட்கும். நான் திறப்பேன். நிரப்பி முடித்ததும் நான் சுந்தரம் சாருக்காக இரண்டு தட்டுவேன். மேலேயிருந்து அவர் குரல் கேட்கும்.

"கேட்டுடுத்து, கேட்டுடுத்து! கோயில் மணி மாதிரி அடிக்காதேங்கோ!"

தண்ணீர் நேரம் போக மற்ற வேளைகளில் ஒரே ஒரு தட்டு கேட்டால் என்னைக் கீழே கூப்பிடுகிறாய் என்று அர்த்தம். தேநீராக இருக்கும். நோன்பு மாதமானால் கஞ்சியாக இருக்கும். சில நாள் ஒன்றுமே இருக்காது. "சும்மாத்தான் தட்டினேன், வாரியளான்னு பாக்க" என்பாய்.

குழாயை முழுசாக மாற்ற வேண்டும் என்று நீ ஒவ்வொரு சொசைட்டி கூட்டத்திலும் சொன்னாய். ஒவ்வொரு கூட்டத்திலும் சொசைட்டிச் செயலாளரான சுந்தரம் சாரிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது. கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகப்போகிறது, இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்குப் புதுக்குழாய்? இந்த ஊரில் பழைய கட்டடத்தில் வாழ்கிற எல்லோரும் செய்கிற தப்புதான் இது. வரப்போகிற வீட்டை நம்பி, இருக்கிற வீட்டை ஒழுகவிடுவது. உன் பிள்ளை ரஹீம் பள்ளிக்குப் போன காலத்திலேயே ரீடெவலப்மென்ட் வரப்போகிறது என்றார்கள். அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. இன்னும் வரப்போகிறது.

ஒருமுறை ஒரு பில்டரின் ஆள் வண்ணப் படங்களோடு வந்து மொட்டைமாடி நீச்சல் குளத்தைக் காட்டினான். எல்லோரும் படத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். நீ பின் வரிசையிலிருந்து கேட்டாய்.

"கொளம் இருக்கட்டும் தம்பி. அதுல தண்ணி எத்தன மணிக்கு வரும்?"

சுந்தரம் சாரே சிரித்துவிட்டார். சிரித்ததோடு சரி. குழாயில் சுவருக்கு வெளியே தெரிந்த பகுதிக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்தோம். அழகாக அட்டை போட்டிருக்கும் நோட்டுகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா?

போன மழைக்காலம் முடிந்த கையோடு நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றைக்கே. மறுநாளும் அதற்கு மறுநாளும் காலையில் நான் குளியலறையில் வாளியோடு நின்றேன். உன் தட்டலுக்காகத்தான் நின்றேன் என்பது தண்ணீர் நின்றுபோன பிறகுதான் உறைத்தது. இப்போது உன் மருமகள் நஸ்ரின் எனக்கு போனில் சொல்கிறாள். "ஆன்ட்டி, ஹோ கயா, கோல்லோ." முடிந்துவிட்டது, திறந்துகொள்ளுங்கள் என்கிறாள். நல்ல பெண். அவளுக்கு அந்தத் தட்டலைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் தட்டியிருப்பாள். அவள் தட்டினால் நன்றாக இருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம்.

இந்த மழை தொடங்கிய பிறகுதான் அது நடந்தது. உன் அடுப்பை ரஹீம் சன்னல் பக்கம் மாற்றிவிட்டான். உன் சிரட்டை தொங்கிய இடத்துக்குக் கீழேதான் இப்போது சமையலறை மோரி. தரையோடு இருக்கும் அந்தத் தொட்டியில்தான் பாத்திரம் கழுவுவார்கள். நஸ்ரின் குழந்தையையும் அங்கேதான் குளிப்பாட்டுவாள். அன்று குளிப்பாட்டி, துண்டில் சுற்றி, அறைக்குள் எடுத்துப் போயிருக்கிறாள். பின்னால் ஏதோ உடைந்த சத்தம். கூரைக் காரை தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து, சற்றுமுன் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டிய டப்புக்குள் விழுந்து கிடந்தது. அவள் அலறியது மேலே என் வீட்டுக்குக் கேட்டது. நான் இறங்கி ஓடினேன். நஸ்ரின் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இப்பதான் தூக்கினேன், இப்பதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. கம்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக என் வீட்டுச் சுவரின் தண்ணீர்.

அந்தக் காரைத் துண்டை ஒரு சாப்பாட்டுத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சுந்தரம் சார் வீட்டுக்கு ஏறினேன். டீப்பாயில் வைத்தேன்.

"என்ன டீச்சர் இது?"

"நஸ்ரின் குழந்தை குளிக்கிற இடத்துல விழுந்தது சார்."

அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, கூட்டத்தில் சொல்லிப் பழகிய வாக்கியம்தான் வாயில் வந்தது. "ரெண்டு வருஷத்துல எல்லாம் புதுசாயிடும். அதுவரைக்கும்..."

அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். "அதுவரைக்கும் என்ன? குழந்தையைக் குளிப்பாட்டாம வச்சுக்கச் சொல்றேளா? நமக்கே ஒரு வாளி ஏற மாட்டேங்கறது, எதைக் காபந்து பண்ணிண்டிருக்கேள்?"

சுந்தரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீழேர்ந்து மேலவரைக்கும் ஒரே தடவையா மாத்தச் சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான். நீ அத்தனை கூட்டங்களில் பேசியும் நகராதது, ஒரு தட்டுக் காரையில் நகர்ந்துவிட்டது. நீ இருந்திருந்தால், "மொதல்லயே என் தலையில விழுந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்று சொல்லி எல்லோரையும் வாயடைக்கச் செய்திருப்பாய்.

செல்வம் தாராவியில் இருக்கும் நம்மூர்க்காரர், பேசுவதும் உன் ஊர்ப் பக்கத்துப் பேச்சு. குழாயை அறுத்ததும் வெட்டு வாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாத்தியளா டீச்சர்? கையளவு பைப்புல பென்சில் போற அளவுதான் ஓட்டை. நீங்க இதுல தண்ணி குடிச்சீங்கங்கறதே ஆச்சரியம்." பிறகு சுவருக்கு வெளியே புதுக்குழாயை நிறுத்திப் பிடித்தார். வெளிர் மஞ்சள் பிளாஸ்டிக். நான் சும்மா இருக்காமல் அதில் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். டப் என்றது.

"என்ன பாக்கீங்க டீச்சர்?"

"சத்தம் வருதான்னு."

"சத்தமா? தண்ணி வந்தா பத்தாதா? வேணும்னா சொல்லுங்க, ஒரு பெல்லு மாட்டிரலாம்!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போதிருந்து மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் உன் தட்டல் என்பது என்ன? குழாய் அடைத்திருந்ததால்தான் நாம் முறை வைத்தோம். முறை வைத்ததால்தான் நீ தட்டினாய். குழாயை மாற்றியிருக்க வேண்டிய நாம், அது ஒழுகும் விதத்துக்கு நம்மைப் பழக்கிக்கொண்டோம். நான் இத்தனை மாதமாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது அந்தப் பழுதின் சத்தத்துக்காகத்தான். இதை ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது உன் சத்தம்தானே.

புதுக்குழாயில் மூன்று வீட்டுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறும் என்கிறார் செல்வம். அப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

இதை இங்கே நிறுத்திவிட்டு எழுந்துபோனேன். இப்போது மறுநாள் காலை.

தண்ணீர் வந்துவிட்டது. முதலில் காற்று இரைந்தது, பிறகு ஒரே சீராக விழுந்தது. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்தேன். அடியில் இருந்த பூ தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் இந்தத் தண்ணீருக்கடியில் அந்தப் பூவை நான் பார்த்ததில்லை. மேலேயும் வாளி நிறையும் சத்தம் கேட்டது. ஆனால் எனக்கு வேண்டிய பதில் அதில் இல்லை. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நஸ்ரின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திறந்தாள்.

"மேலேர்ந்து ஏதாவது சொட்டுதாம்மா?"

இருவரும் மோரிக்கு மேலே அண்ணாந்து பார்த்தோம். புதுக் காரை பூசியிருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. நஸ்ரின் ஸ்டூலில் ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இல்ல ஆன்ட்டி. சூக்கா. ஏக்தம் சூக்கா." கொஞ்சமும் ஈரமில்லை என்று காய்ந்த உள்ளங்கையை என்னிடம் காட்டினாள். பிறகு, "இருங்க ஆன்ட்டி, சாய் போடுறேன்" என்றாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, டப்பை எடுத்து வந்து அதே மோரியில் வைத்தாள்.

உன் கேள்வியை நீ கேட்டபோது நான் மேலே இருந்தேன். என் வீட்டுத் தண்ணீர் விழுகிறதா என்று நானே கீழே வந்து கேட்டிருக்க வேண்டும் என்று புரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். இரும்புத் துண்டுகளைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். நான் ஒன்றையும் எடுத்துவைக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒன்று செய்து பாருங்கள். நாளைக் காலை தண்ணீர் வரும்போது உங்கள் குழாயைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கிப் போய், கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, மேலேயிருந்து ஏதாவது சொட்டுகிறதா என்று கேளுங்கள்.