அடைப்புக்குறிக்குள் பெர்த்

ஆகஸ்ட் 20

டெக்கா சந்தையில் பாகற்காய் நன்றாக இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது அண்ணன் அழைத்தான். இடைத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறானாம், எங்கள் உட்லண்ட்ஸ் பக்கத்திலேயே. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பி மூன்று வருடம்தான் ஆகிறது. அண்ணியும் பிள்ளைகளும் இன்னும் அங்கேதான். "நீ என் பக்கத்துல நிக்கணும் பாப்பா. குடும்பம்னு தெரியணும்ல." சரி என்றேன். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

ஆகஸ்ட் 28

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே முதல் கூட்டம். அண்ணன் பேசினான்: "அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது குடும்பமாகப் பார்த்துக்கொண்டோம்." குடும்பமாக! ஐந்து வருடம். வங்கி வேலையை விட்டவள் நான். பேம்பர்ஸ் மாற்றியவள் நான். அவன் பெர்த்திலிருந்து வீடியோவில் கையசைப்பான், இரண்டே நிமிடம், "மீட்டிங் இருக்கும்மா". போகட்டும், மேடைப் பேச்சு.

ஆகஸ்ட் 30

இன்றைய பேச்சில் அந்தக் 'குடும்பமாக'வும் போய்விட்டது. "வேலையை உதறிவிட்டு, என் கையால் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். எதைத் துடைத்தான்? பக்கத்தில் நான், அவன் பெயர் போட்ட மஞ்சள் டீ-ஷர்ட்டில், பொம்மை மாதிரி. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் — சீ!

கூட்டத்தில் எங்கள் மாடி ஜலாலுதீன் பாய் இருந்தார். அம்மாவின் சக்கர நாற்காலியை லிஃப்டில் ஏற்ற எத்தனையோ முறை கைகொடுத்தவர். போகும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அப்ப நான் டெய்லி பாத்தது யாரை?"

சட்டையைக் குப்பையில் போட்டேன்.

ஆகஸ்ட் 31

அப்போது நீங்கள் வெளிநாட்டில் இல்லையா என்று ஒரு நிருபர் கேட்டிருக்கிறார். "ஒவ்வொரு வாரக் கடைசியிலும் பறந்து வந்தேன்" என்றிருக்கிறான். வாராவாரம்! வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளே அம்மா. வெட்கமே கெடயாதா இவனுக்கு? அவன் மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு. இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 1

நாளை மறுநாள் அம்மாவின் நினைவு நாள். வருடா வருடம் தமிழ்ப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுப்பது நான்தான். இந்த முறை அண்ணனே வாசகம் எழுதி அனுப்பியிருக்கிறான், அரைப்பக்கத்துக்கு: 'கடைசி மூச்சுவரை உடனிருந்த மகன் பிரபாகர்'. மகள் எங்கே என்று தேடினேன். கீழே, 'மற்றும் குடும்பத்தார்'.

விளம்பரப் பிரிவுக்குப் போன் செய்தேன். "போன வருஷம் மாதிரியே போட்டுடவாக்கா?" என்றார் அங்கிருந்தவர்.

"இல்லப்பா. அம்மா தவறின அன்னிக்கு ஒரு மரண அறிவிப்பு போட்டோமே. அதையே போடுங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க."

அம்மா இருந்திருந்தால், விட்டுடுடீ, அண்ணன்தானே என்றிருப்பாள். தெரியும். அவன் எதைச் செய்தாலும் அப்படிச் சொல்லிச் சொல்லியே விட்டவள் அவள்.

செப்டம்பர் 3

வந்துவிட்டது. கால்பக்கம், அம்மாவின் படம், அதே பழைய வரிகள்: 'திருமதி முத்தாயி. மகன்: பிரபாகர் (பெர்த்). மகள்: வசந்தி (உட்லண்ட்ஸ்). மகன் வந்து சேர்ந்த பிறகு, வியாழனன்று தகனம்.'

காலையிலிருந்து அண்ணனிடமிருந்து பதினொரு அழைப்பு. பன்னிரண்டாவதை எடுத்தேன். "அச்சுப் பிழைன்னு ஒரு வரி சொல்லிடு பாப்பா. இல்ல, துக்கத்துல தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. போதும் லா."

"அம்மா போன அன்னிக்கு நீ எங்க இருந்த? அதை மட்டும் சொல்லு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான்.

செப்டம்பர் 4

துக்கத்தில் தங்கை தவறாக எழுதிவிட்டாள் என்று அவனே அறிக்கை விட்டுவிட்டான். நான் சொல்லாததையும் எனக்காகச் சொல்லிவிட்டான்.

செப்டம்பர் 6

வாக்களித்தேன். யாருக்கு என்று இங்கேகூட எழுத மாட்டேன். அவனுக்கு இல்லை.

செப்டம்பர் 7

அண்ணனுக்கு மூன்றாவது இடம். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. அரிசி கழுவினேன்.

செப்டம்பர் 15

சாங்கி விமான நிலையத்திலிருந்து குறுஞ்செய்தி: 'கெளம்புறேன் பாப்பா. பிள்ளைங்க அங்க தனியா இருக்காங்க. இனிமே பெர்த்லதான். உடம்பைப் பாத்துக்க.'

பத்திரிகை நறுக்கை எடுத்து மறுபடி வாசித்தேன். அடுத்த வருடமும் அதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியிருக்காது.