மறுபரிசோதனைக்கு வராதவர்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஓ.பி.யில் கூட்டம் இல்லை. ரயில்வே காலனி ஃபிலோமினா அம்மா வந்தார். இடது முட்டி தேய்ந்துவிட்டது.

"பாதி மூட்டு மட்டும் மாத்துங்க டாக்டர், முழுசு நக்கோ, வேணவே வேணாம். முழுசு வெச்சா முழங்கால் போட முடியாதாமே? கோயில்ல பெஞ்சுல உக்காந்து ஜெபிச்சா எனக்கு ஜெபமாவே இல்ல."

புது மென்பொருளில் வயது, எடை, எக்ஸ்ரே அளவு எல்லாம் போட்டேன். நம் பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும். பாதி மூட்டுக்குப் பச்சை காட்டியது. சனிக்கிழமை வரச் சொன்னேன்.

குடை வாங்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? ரெக்கார்ட் ரூம் போனேன். நாச்சாரம் பழைய கட்டடத்தில் பாதி மூட்டு வைத்துக்கொண்டவர்களின் கார்டுகள். பாதி என் கையெழுத்து, நீல மை. அப்போது ஜூனியர், தலை நிறைய முடி. எக்ஸ்ரே படங்களைக் கொடியில் துணி மாதிரி காயப்போடுவோம். பக்கத்து ஃபாக்டரி சங்கு ஊதினால் கேன்டீனுக்கு ஓட்டம், மிர்ச்சி பஜ்ஜி தீர்வதற்குள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! ஒரு நாளாவது திரும்பக் கிடைத்தால் போதும்.

ஒன்று மட்டும் உறுத்தல். ஒரு வருட மறுபரிசோதனைக்கு வராதவர்கள் கார்டில் எல்லாம் "நலம்" என்று எழுதியிருக்கிறேன். அன்றைய வழக்கம். வலித்தால் வந்திருப்பார்களே என்ற நினைப்பு. கம்ப்யூட்டரும் அதை அப்படியே நம்பியிருக்கிறது. போயும் போயும் என்னை.

ஜூலை 10, வியாழன்

நல்ல மழை. மதியம் அந்தக் கார்டுக்காரர்களுக்கு போன். பல எண்கள் உபயோகத்தில் இல்லை. தங்கவேல் எடுத்தார், பாலாநகரில் லேத் ஓட்டியவர். முதலில் முட்டிதான் ஞாபகம் வந்தது, முகம் அப்புறம்.

"டாக்டர் தம்பியா! கல்யாணம் ஆச்சா?"

என் பெண்ணே காலேஜ் போகிறாள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். முட்டி எப்படி என்று கேட்டேன்.

"அது ஆறே மாசத்துல போச்சுங்க. வேற எடத்துல திரும்ப அறுத்தாங்க."

"எங்ககிட்ட வந்திருக்கலாமே?"

"எப்படிங்க வர்றது? உங்க ஓ.பி. ரெண்டாவது மாடி. லிஃப்ட்டும் கிடையாது."

இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள். இருவருக்கு இதே கதை. அந்தப் படிகளில் ரெண்டு ரெண்டாகத் தாவி ஏறினவன் நான்.

ஜூலை 12, சனி

வெயில். வராதவர்களின் "நலம்" எல்லாவற்றையும் "தெரியாது" என்று திருத்தச் சொல்லி மறுபடி பார்த்தேன். பச்சை போய்விட்டது.

ஃபிலோமினா அம்மாவிடம் என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். முழு மூட்டுதான் பத்திரம், முழங்கால் போடுவது சந்தேகம்தான். முட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, முழுசே வைங்க."

புதன்கிழமைக்குக் குறித்தேன். கதவு வரை போனவர் நின்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. கடைசியா ஒருவாட்டி முழங்கால் போட்டுடறேன் டாக்டர். வலிச்சா வலிக்கட்டும்."