எங்கள் வாசலுக்குத் துப்பாக்கிகள்

ஜூன் 10, செவ்வாய்
தூறல். ஹனோவர் பஸ் தாமதம். புல் வெட்டவில்லை.
மகள் மதுராதான் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் இந்த வருட ராணியாம்! குறிபார்த்துச் சுடும் போட்டியில், பலகையின் நட்டநடுவில் அவளுடைய குண்டு. கண்ணாடிக் கடையில் மற்றவர்களின் கண்ணைச் சோதிக்கிற பிள்ளை. அவளுடைய கை இப்படி நடுங்காமல் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.
வென்றவர் வீட்டுச் சுவரில் அந்தப் பலகையை அறைவது இங்கே ஜெர்மனியில் வழக்கம். ஞாயிறு, சங்கம் முழுவதும் ஊர்வலமாக எங்கள் வாசலுக்கு. துப்பாக்கியோடு.
"உள்ளுக்குக் குண்டு இல்லையப்பா. பொலிசின்ர அனுமதிக் கடதாசியும் இருக்கு."
இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியோடு வாசலுக்கு வந்தவர்களிடம் எல்லோரும் அடையாள அட்டையை நீட்டினோம். அண்ணனின் அட்டையைத் திருப்பித் தரவில்லை. அண்ணனையும்.

ஜூன் 12, வியாழன்
ஊர் மண்டபத்தில் கூட்டம். தெருவில் துப்பாக்கி வேண்டுமா என்று.
ஒரு பெண்: "தெருவில் கத்திக்குத் தடை, துப்பாக்கிக்கு மேள ஊர்வலமா?"
ஒரு கிழவர்: "என் அப்பா தூக்கியது, நானும் தூக்குவேன்."
தொண்டை கிழியக் கத்தினார்கள். பிறகு ஒரே மேசையில் பியர். துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பேசிவிட்டு வீட்டுக்கும் போகலாம்! வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி
சங்கத் தலைவர் ஹோல்ஸ்ட் வந்தார். பேக்கரிக்காரர், கையில் பிளம்ஸ் கேக்.
"உங்கள் வாசல். துப்பாக்கியோடு வரலாமா? வேண்டாம் என்றால் பூட்டி வைத்துவிட்டு வருகிறோம்."
என்னிடம் கேட்கிறார். துப்பாக்கிக்காரன் அனுமதி கேட்டு இந்தப் பிறவியில் கண்டதில்லை. நாளை சொல்வதாகச் சொன்னேன்.
சாந்தி, கேக்கை வெட்டிக்கொண்டே: "ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ. பிள்ளை கோவிக்காது." மனைவிக்கு எல்லாம் தெரியும்.

ஜூன் 14, சனி
உளுந்து, எண்ணெய், பியர் 4 பெட்டி, பேப்பர்த் தட்டு.
ஹோல்ஸ்டுக்குப் போன். கொண்டு வாருங்கள் என்றேன். வென்ற பிள்ளை வெறுங்கையோடு வரக்கூடாது.
புல் வெட்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு
நல்ல வெயில். காலையிலிருந்து வடை.
மூன்று மணிக்குத் தெருமுனையில் மேளம். பச்சை மேல்சட்டைகள், தோளில் துப்பாக்கி, குழல் வாய்களில் ரோஜா. அழகு. பயம். இரண்டும் ஒன்றாக வரும் என்று தெரியாது. முன்னால் மதுரா, கழுத்தில் ராணிக்கான வெள்ளிச் சங்கிலி, தோளில் அவளுடைய துப்பாக்கி. வாசலில் நின்றார்கள். மேளமும் நின்றது.
என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. பார்த்தால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். பெற்ற மகளிடம்.
யாரும் சிரிக்கவில்லை. மதுரா துப்பாக்கியை ஹோல்ஸ்டிடம் கொடுத்தாள். அட்டையை இரண்டு கையாலும் வாங்கினாள். என் பெயரைச் சத்தமாக வாசித்தாள். திரும்ப என் சட்டைப்பையில் வைத்தாள்.
"சரியப்பா. நாங்கள் உள்ளுக்கு வரலாமோ?"
"ஓம். வாங்கோ."
வடை போதவில்லை. சுவரில் அறைந்த பலகை கொஞ்சம் சரிந்து நிற்கிறது, அப்படியே இருக்கட்டும். எழுதும்போது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அட்டை இருக்கிறது.