வான்கோழிக்குள் இருந்த காகிதப் பை

அன்பு மகள் ட்ரூடிக்கு,

ஓஹையோவில் நாங்கள் சுகம், அம்மாவின் இடது மணிக்கட்டைத் தவிர. நீயும் ஓஸ்லோ குளிரில் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா வாசலில் ஈர இலை வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், அதனால் இந்த நன்றித் திருநாளுக்கு வான்கோழி சமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அது போதாதென்று முந்தின நாள் ஒரு குண்டையும் தூக்கிப் போட்டாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமா இந்த மேசையில கடவுளுக்கு நன்றி சொன்னீங்க, மழைக்குச் சொன்னீங்க, தோத்துப்போன ஃபுட்பால் டீமுக்குக்கூடச் சொன்னீங்க, இந்த வருஷமும் என் பேர் வரலைன்னா அடுத்த வருஷம் நான் டுவைட் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன், நீங்களும் வான்கோழியுமா கொண்டாடுங்க என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

உறைந்த கோழியை முந்தின நாள் மாலைதான் வெளியே எடுத்தேன். விடிந்து பார்த்தால் பாறாங்கல். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் போட்டேன். டுவைட் மாமா வந்தவுடன் கை கழுவப் போனவர் திரும்பி வந்து, மச்சான், உங்க பாத்ரூம்ல யாரோ துணியில்லாம குளிக்கறாங்க என்று மெதுவாகச் சொன்னார். மூன்று மணிச் சாப்பாடு ஏழு மணிக்குப் போனது.

மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக நன்றி சொல்லி என் முறை வந்தது. உனக்குத்தான் தெரியுமே, இந்த மாதிரி நேரத்தில் எனக்குச் சரித்திரம்தான் வரும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் இங்கே குடியேற வந்தவர்களில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்தது, மிச்சப்பேர் அறுவடை பார்த்தது, அந்த மண்ணின் ஜனங்கள் தொண்ணூறு பேர் ஐந்து மானோடு வந்து மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்டது, அதில் வான்கோழி இருந்ததா என்பதே நிச்சயமில்லை என்பது எல்லாம் சொன்னேன். பிறகு, இதை நாடு முழுக்கத் திருநாளாக்கச் சொல்லி ஒரு அம்மாள் பதினேழு வருஷம் கடிதம் எழுதியதையும், உள்நாட்டுப் போர் நடுவில் ஜனாதிபதி இணங்கியதையும், அத்தனை கடிதத்தையும் சுமந்தது எங்கள் தபால்காரர் வர்க்கம்தான் என்பதையும் சொன்னேன். குழம்பில் ஏடு கட்டிவிட்டது. அம்மா நிதானமாகச் சொன்னாள், அந்த அம்மா பதினேழு வருஷத்துல ஜனாதிபதியையே வழிக்குக் கொண்டுவந்துட்டா, எனக்கு முப்பத்தொண்ணு ஆகியும் ஒரு தபால்காரர் அசையலை.

தப்பிக்க வழியில்லாமல் கத்தியை எடுத்துக் கோழியை வெட்டினேன். உள்ளே ஏதோ தடுத்தது. இழுத்தால் ஒரு காகிதப் பை, அதற்குள் கழுத்தும் ஈரலும். கடைக்காரர் உள்ளே வைத்துத்தான் தருவாராம், வேகவைக்கும் முன்னால் எடுக்க வேண்டுமாம். எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அந்தப் பையைப் பிடித்தபடி, வருஷா வருஷம் இதுக்குள்ள கையை விட்டு நீதான் எடுத்தியா பெர்னீஸ், எனக்குத் தெரியவே தெரியாதே, ரொம்ப நன்றி என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. டுவைட் மாமா நாற்காலியிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கோழியைப் பாத்துச் சொல்றீங்க, நான் இந்தப் பக்கம் இருக்கேன் என்றாள். எழுந்து போய் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் நன்றாக வைக்கட்டும்.

உன் அப்பா,
ஆர்லோ

ட்ரூடி, அப்பா எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். இரண்டாவது தடவை சொல்லும்போது அழுதுவிட்டார். கோழியும் நடுவில் வேகவே இல்லை, இருந்தும் நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அம்மா.