ஒப்புக்குச் சப்பாணி

என் பிரியமான அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் இப்போது போத்தனூரில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறோம். உங்கள் மருமகள் மகிழ் மூன்றாவது படிக்கிறாள்.

குடிவந்து ஒரு மாசமாகியும் அவளுக்கு ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை. சாயங்காலம் கீழே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பால்கனியிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நானே கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அந்தக் கூட்டத்துக்குப் பெரியவள் அஃப்ரின், ஆறாவது படிப்பவள்.

"இவளையும் சேத்துக்கோ கண்ணு."

"சரிங்க ஆன்ட்டி."

சேர்த்துக்கொண்டார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. கூடவே ஓடலாம். ஆனால் அவளை யாரும் தொட மாட்டார்கள், தொட்டாலும் அவுட் கிடையாது. நாலாம் நாள் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். "என்னைய ஆட்டத்துலயே சேத்தலம்மா. நீ எதுக்குப் போய்ச் சொன்னே?"

எனக்குச் சுருக்கென்றது. நீங்களும் இதைத்தானே செய்தீர்கள்? "எந் தங்கச்சி அளுவும், சேத்துக்கங்கடா" என்று கூட்டாளிகளிடம் சொல்வீர்கள். பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் எனக்கும் சேர்த்து நீங்களே பேசினீர்கள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்களை எடுத்த அன்று வீடு நிறைய ஆள் இருந்தும், என் பக்கத்தில் உட்கார எனக்கென்று ஒருத்தி இல்லை. உங்கள் மேல் கோபம் வந்தது அண்ணா. அதை யாரிடம் சொல்வது?

மறுநாள் "நானும் வரட்டுமா?" என்று மகிழிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கீழே அவள் குரல் உயர்ந்தது. "என்னையத் தொட்டாலும் அவுட்டுங்க. இல்லீன்னா நான் ஆட்டத்துக்கே வரலீங்க." அஃப்ரின் பதிலுக்குக் கத்தினாள். என் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கவில்லை.

முட்டியில் சிராய்ப்போடு திரும்பி வந்தாள். "நாந்தாம்மா மொதல்ல அவுட்டு!" முகமெல்லாம் சிரிப்பு.

இன்றைக்கு அஃப்ரின் வாசலில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, மகிழ அனுப்பறீங்களா?"

"அவளையே கேளு கண்ணு" என்று விலகிக்கொண்டேன்.

இனி அவளுக்காக நான் யாரிடமும் போய்க் கேட்கமாட்டேன். அஃப்ரினின் அம்மாவை லிஃப்டில் தினமும் பார்க்கிறேன், பேர்கூடத் தெரியாது. நாளைக்குக் கேட்கிறேன் அண்ணா, நானே.

உங்கள் ஒரே தங்கச்சி,
கோகிலா