உடுத்தி வந்த துணிக்கு வரி இல்லை

வின்சர், கனடா
15.10.2023

மதிப்பிற்குரிய அப்பாயிக்கு,

உங்கள் பேரன் குமாரின் மனைவி சுதாராணி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்று அவருக்கு ஒரே வருத்தம். அதனால் நான் எழுதுகிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கடிதத்தையாவது படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே ஊருக்கு ஓரமாக ஓர் ஆறு. அக்கரை அமெரிக்கா. பாலத்தைத் தாண்டினால் பால், கோழி, குளிர்ச் சட்டை எல்லாம் விலை குறைவு. எங்களைப் போலப் புதிதாகக் குடியேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறார்கள். திரும்பும்போது, வாங்கியதை எல்லாம் சுங்கத்தில் வாயால் சொல்ல வேண்டும். சிலதுக்கு வரி கட்ட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் வம்பு.

அவர் லாரி ஓட்டுவதும் அதே பாலத்தின் மேல்தான். அதற்கென்று ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டை இருந்தால்தான் கம்பெனியில் வேலை. சுங்கத்தில் ஒரு பொய் பிடிபட்டாலும் அட்டையைப் பறித்துவிடுவார்களாம். அதனால் சாமான் வாங்க அக்கரைப் பக்கம் போகவே பயப்படுகிறார்.

எனக்கோ குளிர் தாங்கவில்லை. இருப்பது கொடைக்கானலில் வாங்கிய ஸ்வெட்டர் ஒன்று. "சுங்கத்தப் பத்தி எங்க அப்பாயிகிட்டக் கேளு. கப்பல்ல சாமானோட வந்து எறங்குனவுங்க" என்று அவர் சிரித்தார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் நிஜமாகவே கேட்கிறேன்.

பணிவுடன்,
சுதாராணி

*

பழனியாண்டவர் துணை

மன்னவனூர்
8.11.2023

குமார் சம்சாரத்துக்கு மாரியாயி எழுதிக்கொண்டது.

உன் கடுதாசி வந்தது. நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள். இங்கே பனி கொட்டுகிறது. கேரட் கழுவப் போனால் விரல் மரத்துப் போகிறது. சுகத்துக்குக் குறைவில்லை.

நான் உன்னோடு பேசாததற்குக் காரணம் நீ இல்லை, உன் அம்மாயி கந்தம்மாள். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்கிறேன்.

இலங்கையில் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. இந்தியாவுக்கே திரும்பிப் போங்கள் என்று காகிதம் வந்ததும் இரண்டு குடும்பமும் ஒன்றாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். இன்ன இன்ன சாமான்தான் கொண்டு போகலாம் என்று சட்டம். அந்தக் காலத்தில் இந்தியாவில் நைலான் சேலைக்கு அப்படி ஒரு கிராக்கி. விற்றால் கைமுதல் ஆகும் என்று நானும் வாங்கி வைத்திருந்தேன். "உடுத்திப் போற துணிக்கு வரி கெடையாது புள்ள" என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். மூன்று சேலையை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு இராமேஸ்வரத்தில் இறங்கினேன். வெயில் என்றால் வெயில், அப்படி ஒரு வெயில்.

சுங்க ஐயா என் பெட்டியைப் பார்த்துவிட்டு, போம்மா என்று கையைக் காட்டிவிட்டார். நான் ஓரடி எடுத்து வைத்தேன். பின்னால் நின்ற கந்தம்மாள் வாயைத் திறந்தாள். "ஐயா, இந்தப் பொண்ண நல்லாப் பாருங்க. வாழமரம் மாதிரி உரிக்க உரிக்க வந்துகிட்டே இருக்கும்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு பொம்பளை சிப்பந்தி என்னை உள்ளே கூட்டிப் போய் உரித்தாள். நீலம் ஒன்று, ரோசா ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு பச்சையோடு என்னை அனுப்பினார்கள். அந்த ரோசாவை இன்றைக்குக் கண் முன்னால் போட்டாலும் அடையாளம் சொல்வேன்.

அன்றிலிருந்து கந்தம்மாளோடு பேச்சு இல்லை. அவள் ஏறும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. உலகத்தில் வேறு பெண்ணே இல்லாத மாதிரி என் பேரன் அவள் பேத்தியைக் கட்டினான்.

இருந்தாலும் நீ குளிரில் நடுங்கினால் என் பேரனுக்குச் சோறாக்கிப் போடுவது யார்? அதனால் சொல்கிறேன். சட்டையை வாங்கு. விலைச் சீட்டைக் கிழித்துப் போடு. உடுத்திக்கொள். உடுத்தின துணி உடம்போடு சேர்ந்தது, அது சாமான் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பொய்யும் இல்லை. அவனிடம் சொன்னால் பயப்படுவான், சொல்லாதே. முக்கியமாக, உங்கள் ஊர்க்காரி யாரையும் கூடக் கூட்டிக்கொண்டு போகாதே.

இப்படிக்கு,
மாரியாயி

*

வின்சர்
4.12.2023

அப்பாயிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாயி இதை ஒருநாளும் சொன்னதில்லை. சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது.

போன ஞாயிறு அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். அவர் பாலும் கோழியும் வாங்கப் போன நேரத்தில் நான் தள்ளுபடியில் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கோட்டும் வாங்கினேன். பாத்ரூமில் போய்ச் சீட்டைக் கிழித்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டரையும் போட்டு, மேலே கோட்டை மாட்டி, அதற்கும் மேலே என் பழைய சால்வையைச் சுற்றிக்கொண்டேன். அவர் கவனிக்கவில்லை.

பாலத்தின் இந்தப் பக்கம் சுங்கக் கூண்டில் ஒரு பஞ்சாபி அம்மா. என்ன வாங்கினீர்கள் என்று கேட்டார். இவர் பால், கோழி என்று ஒழுங்காகச் சொன்னார். "அவ்வளவுதானா?" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான் என்றார் இவர். காருக்குள் சூடு. எனக்கு நெற்றியில் இருந்து வேர்வை வழிகிறது. அந்த அம்மா அட்டையை இவரிடம் திருப்பி நீட்டினார். அதை வாங்கும் கையைப் பார்த்தேன், அப்பாயி. அவருக்குத் தெரியாமலே அவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"மேடம், நான் மூன்று போட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே கூட்டிப் போனார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தேன். வரி போட்டார்கள், கட்டினோம். துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவருடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரித்துவிட்டு முடிவு சொல்வார்களாம். அதுவரை பாலத்தைத் தாண்டி லாரி ஓட்ட முடியாது. கம்பெனியில் குடோன் வேலை கொடுத்திருக்கிறார்கள், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுதாராணி

*

மன்னவனூர்
22.12.2023

சுதாராணிக்கு,

அட்டை வந்ததா, இல்லையா? வெரசா எழுது.

இந்த யோசனை யார் கொடுத்தது என்று குமார் கேட்டானா? நீ என்ன சொன்னாய்? தாயும் தகப்பனும் போனபின் அவனை வளர்த்து ஆளாக்கினவள் நான். நான் கொடுத்த யோசனையால் அவன் வேலை போனது என்றால் இந்த வீட்டில் உலை வைக்க எனக்குக் கை வராது. சொல்லியிருந்தாலும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். உள்ளதை எழுது.

மாரியாயி

*

வின்சர்
15.1.2024

அன்புள்ள அப்பாயிக்கு,

பொங்கலுக்கு நல்ல செய்தி. அட்டை திரும்பி வந்துவிட்டது. அவர்கள் சோதனை போடும் முன்னால் மனைவி தானாகவே சொன்னதாலும், இவருக்கு அது தெரியாததாலும் இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். நாளை முதல் பழையபடி பாலத்தில் ஓட்டப் போகிறார். "ஏ, வாழமரம்! பொங்கல் வைக்கலயா?" என்று இன்றைக்குத்தான் கூப்பிட்டார். உங்கள் கப்பல் கதை அவருக்கும் தெரியும்போல.

யார் யோசனை என்று கேட்டார். என் யோசனைதான் என்றேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. கடைசியில் உடுத்திக்கொண்டவள் நான்தானே? குளிருக்கு ஒருத்தி தவிக்கிறாள் என்று நினைத்துத்தானே நீங்கள் எழுதினீர்கள். எனக்கு அது போதும்.

உங்கள்,
சுதாராணி

*

பழனியாண்டவர் துணை

மன்னவனூர்
5.2.2024

அன்பான பேத்தி சுதாராணிக்கு,

உன் கடுதாசியைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அட்டை வந்த சந்தோசம் ஒரு பக்கம். நீ என் பெயரைச் சொல்லவில்லை என்பது இன்னொரு பக்கம். நீ உன்னையே காட்டிக்கொடுத்தாய், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை, தாயி. நீ மகராசியாக இருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பழி உன் மேல் கிடக்கக் கூடாது. இந்தக் கடுதாசியைக் குமாரிடம் படிக்கக் கொடு. ஏலே குமாரு, அந்தப் புத்தி சொன்னவள் உன் அப்பாயி. உன் சம்சாரத்தைக் கேலி பேசுவதை நிறுத்து. கோபம் இருந்தால் என்னிடம் காட்டு.

போன சந்தைக்குப் போகும்போது வழியில் உன் அம்மாயி பஸ்ஸில் ஏறினாள். நான் இறங்கவில்லை. என் பக்கத்து இடம்தான் காலி. உட்கார்ந்தாள். நானாகவே ஆரம்பித்து நடந்ததை எல்லாம் சொன்னேன். எனக்குக் காது மந்தம் என்று தெரிந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாள்.

"ஏண்டி, இன்னுமா அந்தச் சேலய நெனச்சுக்கிட்டுக் கெடக்க?"

"நெனப்பேன். சாகுற வரைக்கும் நெனப்பேன். ஆனா ஒம் பேத்தி ஒன்னயப் போல இல்ல."

"அவ என்னயப் போலதான்டி. நான் ஒன்னயச் சொன்னேன், அவ தன்னயச் சொன்னா. வாய் ஒண்ணுதான்!"

டிரைவர்கூடச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன். அவள் மேல் எனக்குள்ள கோபம் கோபம்தான், அதை விடுவதாக இல்லை. உன்னை அதில் சேர்த்தது பிசகு, அதை மட்டும் எடுத்துவிட்டேன்.

உனக்கு ஆட்டு மயிரில் பின்னின ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன். இந்த ஊர்க் கம்பளி, குளிர் உள்ளே வராது. கொடைக்கானல் போஸ்டாபீசில் கொடுத்தால், வெளிநாட்டுப் பார்சல், சுங்கத்துக்கு எழுத வேண்டும் என்றாள் அங்கே இருக்கும் பொண்ணு. லாவண்யா என்று பேர். ஒவ்வொன்றாகக் காதருகில் வந்து கேட்டு எழுதினாள்.

"உள்ள என்ன பாட்டி?"

"ஸ்வெட்டர்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தின்கிற பொருள் இருந்தா அதையும் எழுதணும். இல்லன்னா அங்க பிரிச்சுப் பாத்து நிறுத்திப்புடுவாங்க."

பிறகு நானே ஸ்வெட்டர் கைக்குள் கையை விட்டு, அங்கே திணித்து வைத்திருந்த சுக்குப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அந்தப் பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாருக்குப் போகுது? ஒங்களுக்கு என்ன ஒறவு?" என்று கேட்டாள்.

"பேத்தி" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

சுக்கை அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள், தாயி. விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அப்பாயி
மாரியாயி