‘செத்த நேரம்’ என்ற சொல்லால் விமானம் தவறியது பற்றி

அனுப்புநர்:
அ. சகாயராணி, பி.ஏ.,
த/பெ. அந்தோணிமுத்து (காலமானவர்),
மாதா கோவில் தெரு,
சாணார்பட்டி, திண்டுக்கல் வழி.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
விமான நிலையம்.

பொருள்: 9-3-1962 வெள்ளிக்கிழமை காலைச் சென்னை விமானம் – நானும் என் தாயாரும் ஏற முடியாமல் போனது – தங்கள் அலுவலகக் குறிப்பைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அண்ணன் சூசைமுத்து சென்னையில் ஒரு கம்பெனியில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டிவந்தார். மார்ச் எட்டாம் தேதி அவர் மேலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். தாயாரை உடனே அழைத்து வரும்படி கம்பெனியார் தந்தி கொடுத்து, விமானத்தில் எங்கள் இருவருக்கும் இடமும் ஏற்பாடு செய்தார்கள். நாங்கள் அதற்கு முன் விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

2. மறுநாள் காலை உரிய நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம். சீட்டைக் காட்டி, பையை நிறுத்துக் கொடுத்தோம். தந்தி வந்ததிலிருந்து என் தாயார் ஒன்றும் உண்ணவில்லை. கொஞ்சம் சாப்பிடச் சொல்லிச் சிற்றுண்டிச்சாலைக்கு நான்தான் அழைத்துப்போனேன்.

3. பரிமாறுபவர் சடையாண்டி என்பவர். “கட்லெட் ரெடி, சாண்ட்விச் ரெடி, உக்காந்த ஒடனே வரும்” என்றார். இரண்டும் கறி. நாங்கள் கத்தோலிக்கர். அன்று தபசு காலத்து முதல் வெள்ளி. “வெள்ளிக்கிழமை கறி ஆகாது அப்பு, இட்லி இருந்தாக் குடு” என்றார் தாயார். “அடுப்புல இருக்கு ஆத்தா. செத்த நேரம் பொறுத்துக்க. பிளேனு என்ன, உன்னைய விட்டுட்டா போகப்போவுது?” என்றார் அவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

4. எங்கள் பக்கத்தில் ‘செத்த நேரம்’ என்றால் சிறிது நேரம் என்று பொருள். தாங்கள் இதை அறிந்திருக்கலாம். அங்கே பணியிலிருந்த இளம் அதிகாரி அறியவில்லை. அவர் வடக்கே இருந்து வந்து, தமிழ் கற்றுக்கொண்டு பேசுபவர்.

5. விமானத்தில் ஏறும்படி அறிவித்தது ஆங்கிலத்தில், வெளிக்கூடத்தில் மட்டும். அப்போது நான் கோடியிலிருந்த குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. அந்த அதிகாரி உள்ளே வந்து, ஏன் வரவில்லை என்று தாயாரிடம் கேட்டிருக்கிறார். “செத்த நேரந்தேன் ஐயா. எம்மவனைப் பாக்கத்தேன் போறோம்” என்று தாயார் சொல்லியிருக்கிறார். செத்த, மகன் என்ற இரண்டு சொற்களும் அவருக்குப் புரிந்திருக்கின்றன.

6. நான் திரும்பியபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். “நல்ல வீட்டுப் புள்ள. அவசரம் வேண்டாம், நிதானமாச் சாப்புடுங்கம்மான்னு சொல்லிட்டுப் போறாரு” என்றார் தாயார். இட்லி வந்தது. சாப்பிட்டோம். விமானம் கிளம்பும் சத்தம் கேட்டது. அது வேறு விமானம் என்று நினைத்தேன்.

7. சாப்பிட்டுவிட்டு வெளிக்கூடத்துக்கு வந்து விசாரித்தேன். மகன் இறந்த துக்கத்தில் வந்தவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்று எங்கள் இடத்தை மறுநாளைக்கு மாற்றியதாக அந்த அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில் கூறினார். அவர் இரக்கத்தால்தான் அப்படிச் செய்தார். நான் பிறரிடம் அதிகம் பேசிப் பழகாதவள். கல்லூரியில் படித்த ஆங்கிலத்தில் அந்நியர் ஒருவரிடம் நான் பேசிய முதல் வாக்கியம், என் அண்ணன் சாகவில்லை என்பது. அவர் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

8. அன்றிரவு ரயிலில் சென்றோம். அண்ணன் வெள்ளிக்கிழமை மாலையே இறந்துவிட்டார். பிற்பகல் வரை நினைவு இருந்தது, அம்மா வந்தாச்சா என்று கேட்டார் என நர்ஸ் கூறினார். காலை விமானம் நண்பகலுக்கு முன்பே சென்னை சேர்ந்திருக்கிறது.

9. ‘பயணிகள் இருவரும் சிற்றுண்டிச்சாலையில் தாமதித்ததால் விமானத்தைத் தவறவிட்டனர்’ என்று தங்கள் அலுவலகம் கம்பெனிக்கு எழுதியிருக்கிறது. அடக்கம் முடிந்து அண்ணனின் துணிமணிகளை வாங்கச் சென்றபோது, கம்பெனி எழுத்தர் அதைத் தாயார் முன்னிலையில் தமிழில் சொன்னார். அதிலிருந்து துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம், “ஒரு வாய் இட்லிக்கு ஆசைப்பட்டு எம்புள்ள மொகத்தைப் பாக்காமப் போனேன்” என்கிறார். தபசு காலம் முடிந்தது. ஈஸ்டர் என்னும் பாஸ்குத் திருநாளும் போயிற்று. அவர் இன்னும் காலையில் எதுவும் உண்பதில்லை. வீட்டில் யாரும் இப்போது ‘செத்த நேரம்’ என்று சொல்வதில்லை.

10. ஏறும் அறிவிப்பைத் தமிழிலும், சிற்றுண்டிச்சாலைக்குள்ளும் சொல்ல ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த அதிகாரிக்குத் தண்டனை எதுவும் வேண்டாம். நடந்ததை அவர் மறைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

11. நான் முக்கியமாக வேண்டுவது இதுதான். நாங்கள் சாப்பிட்டதால் விமானம் தவறவில்லை, அலுவலகம் தவறாகப் புரிந்துகொண்டு எங்கள் இடத்தை மாற்றியது என்று குறிப்பைத் திருத்தி, அதை என் தாயார் பெயருக்கு ஒரு கடிதமாக அனுப்ப வேண்டும். தயவுசெய்து தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் வந்தால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். “படிச்ச புள்ள, என்னைய ஆத்துறதுக்கு மாத்திச் சொல்லுதே” என்பார் தாயார். தமிழில் வந்தால் தபால்காரர் படித்துக் காட்டுவார். அவர் காலை நேரத்தில்தான் வருவார்.

தங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
அ. சகாயராணி

இடம்: சாணார்பட்டி
நாள்: 27-4-1962

கடிதம் அனுப்ப வேண்டிய பெயர்: திருமதி சவேரியம்மாள் அந்தோணிமுத்து, மேற்படி விலாசம்.